புருவம் வைத்த ஜன்னல்கள்

ஜூன் 3, திங்கள்

சாயங்காலம் வெயில் இறங்கியதும் இவரை அழைத்துக்கொண்டு மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளை, அந்த வட்டச் சாலையை, ஒரு சுற்று. பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. கால் சரியாகிவிட்டது. வலது கை பாதி. பேச்சுதான் வரவில்லை. அவர் அண்ணாந்து கட்டிடங்களைப் பார்க்கிறார், நான் குனிந்து குழிகளைப் பார்க்கிறேன். யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டுமே.

ஜூன் 6

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரஞ்சனா வந்தாள். என்னைக் காட்டி, பெயர் சொல்லச் சொன்னாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அந்த மராத்திப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்? முப்பத்துநாலு வருஷத்தில் இவர் என்னை 'விசாலாக்ஷி' என்று கூப்பிட்டதே இல்லை. "கேட்டியா" என்பார். நான் "ஏன்னா" என்பேன். இவர் பெயரை நானும் பத்ரிநாராயணன் என்று ஃபாரங்களில் எழுதியதோடு சரி.

முதல் ஆறு மாதம்தான் முக்கியமாம். அப்புறம் வருவது கஷ்டமாம். "நாம் லேக்கே புலாயியே, ஆன்ட்டி" என்றாள். நான் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக வேண்டுமாம். தலையாட்டி வைத்தேன். நாக்கு எழவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இவர் முப்பது வருஷம் டிராஃப்ட்ஸ்மேன், கட்டிடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. பேச ஆரம்பித்தால் இந்தச் சர்க்கிள்தான். எங்கள் வீட்டு முன்சுவரும் சாலையோடு சேர்ந்து வளைந்தது. எந்த அலமாரியும் ஒட்டி நிற்காது.

"பாச்சைக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கான் உங்க ஆர்க்கிடெக்ட்" என்று திட்டுவேன்.

"ரோடு வளையறது, வீடும் கூடவே வளையறது. மரியாதை தெரிஞ்ச வீடு" என்பார்.

வட்ட ஜன்னல் கப்பல் ஜன்னலைப் பார்த்து வைத்ததாம். ஜன்னல்களுக்கு மேலே பட்டையாக நீண்டிருப்பதைச் சன்ஷேட் என்று சொன்னால் கோபம் வரும். "புருவம்னு சொல்லு" என்பார். சர்க்கிளின் குறுக்கே ஃப்ளைஓவர் வந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் நான் காதில் வாங்கினேனா? வாங்கியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஜூன் 12

மழை. வெளியே போகவில்லை.

ஜூன் 15

வாய் பேசாமல் பக்கத்தில் நடப்பதைத் தாங்க முடியவில்லை. இன்றைக்கு நானே ஆரம்பித்தேன். வேண்டுமென்றே எல்லாம் தப்பாக.

"இந்த வட்ட ஜன்னல் எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக வெச்சது." திரும்பிப் பார்த்தார். "தூணெல்லாம் மாடு கட்டறதுக்கு." நடை நின்றது. "மேலே நீட்டிண்டிருக்கே, அது சன்ஷேட்."

கைத்தடியை ஓங்கித் தரையில் தட்டினார்.

"தப்பு!"

மணி மாதிரி. பூக்காரி நிமிர்ந்து பார்த்தாள். நான் அழுதுகொண்டே, "அப்ப என்னது?" என்றேன். அவருக்கு மூச்சு வாங்கியது, உதடு கோணியது. "புரு... புருவம்."

அவள் கடையில் இருந்த மல்லிகை முழுவதையும் வாங்கிவிட்டேன். பைத்தியக்காரி.

ஜூன் 19

எல்லாமே புருவம். காபி டம்ளர் புருவம், மாத்திரை புருவம், ரஞ்சனா புருவம். நானும்தான். அவரெதிரில் சிரித்தேன். பாத்ரூமில் அழுதேன்.

ஜூன் 27



கொத்தமல்லி வாங்கத் திரும்பிய இரண்டு நிமிஷத்தில் ஆளைக் காணோம். தூண்வரிசைக்குள் ஓடினேன். எல்லாத் தூணும் ஒன்றுபோல. வளைவில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நான் வலப்பக்கமாகச் சுற்ற, அவரும் வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தால்? ஒவ்வொரு சாலையும் வந்து சேரும் இடத்தில் பஸ், டாக்ஸி. தொலைந்துபோனால் தன் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாதே!

"ஏன்னா!" என்று கத்தினேன்.

நாலு கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நம்மவர்கள் நிறைந்த மாதுங்காவில் அப்படிக் கூப்பிட்டால் வேறென்ன ஆகும்? இவர் இல்லை.

"பத்ரி!" வந்துவிட்டது. "பத்ரி! பத்ரீ!"

அடுத்த கட்டிடத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். கண் விரிந்திருந்தது. தொலைந்த பயம் இல்லை, ஆச்சரியம். வீடு வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஜூன் 28

காபி கொடுக்கும்போது மெதுவாக, "பத்ரி" என்றேன். காது சிவந்தது. யாருக்கு என்று எழுத மாட்டேன்.

ஜூலை 4, வியாழன்

ரஞ்சனா வந்தாள். டம்ளர், கதவு, ஜன்னல் எல்லாம் இந்தத் தடவை சரியாகச் சொன்னார். அவளுக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் என்னைக் காட்டிப் பெயர் கேட்டாள். பழையபடி தலைகுனிவு. பெயர் சொல்வதில் மட்டும் முன்னேற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனாள்.

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. நான் அடுக்களையில் இருந்தேன்.

"விசாலாக்ஷி."

முழுசாக. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அந்நிய மனுஷி போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார்!

ரஞ்சனாவுக்கு ஃபோன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. இன்னொரு தரம் கூப்பிடுவாரா என்று பதில் சொல்லாமல் அங்கேயே நின்றேன்.

கூப்பிட்டார்.