அந்தோனியாரிடம் நான் கேட்டது

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை.

என் தங்க மகள் ரொஷேலுக்கு,

சமாதானத்தின் ஆண்டவர் உன் பக்கத்தை விட்டு அசையக்கூடாது என்று மன்றாடி அம்மா எழுதுவது. உன் போனுக்குக் கோல் போகவே இல்லை. உங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுவருகிற டொக்டர் நாளைக்குப் பயணமாம். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. வாய்தான் வற்றவில்லை.

மேல்மாடி ஐரின் அக்காவின் மகன் மெல்ரோய் ஆமியில்தானே. அவனை ஐ.நா. படையோடு ஏதோ நாட்டுக்குக் காவலுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அந்த மனுசி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தா. எந்த நாடு என்று அவன் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. பார்க்கப் பொறுக்காமல் நான்தான் அவவைக் கொச்சிக்கடைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செவ்வாய் தவறாமல் மெழுகுதிரி கொளுத்தினோம். அவவுக்கு அழுகையில் பேச்சு வராது. அந்தோனியாரே, இந்தப் பிள்ளையை அங்கே போகவிடாதேயும் என்று நான்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

நேற்று அக்கா கிரிபத் பாற்சோறு செய்து கொண்டுவந்தா. அரசாங்கம் ஆள் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாம். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரித்தான் இருந்தது. சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா செய்தியைச் சத்தமாக வைத்தார். கொஞ்சம் குறையுங்களேன் என்று ஏச வாயெடுத்தேன். நீ வேலை செய்கிற அந்த ஊரின் பெயரைச் சொன்னார்கள், மகள்! அங்கே காவலுக்குப் போக இருந்தது எங்கள் ஆமிதானாம். ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டைக் கைகாட்டிவிட்டு ஒதுங்குகிறதாம். சண்டை உங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துவிட்டதாம். வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பயப்பிடாதீங்க அம்மா, காவலுக்கு ஆமி வருது என்று போன மாதம் நீ சொன்னாயே. அது இந்த ஆமி என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆமிக்காரரைக் கண்டால் றோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவள் நான். இப்போது ஆமி போகவில்லையே என்று அழுகிறேன்.

அக்காவிடம் சொன்னேன். ஐயோ றஞ்சி, எனக்குத் தெரியாதே என்று சிங்களமும் தமிழுமாக அழுதா. அவவில் என்ன பிழை? மெல்ரோய் அவவின் பிள்ளையல்லவா? அவனை அனுப்பும் என்று அந்தோனியாரிடம் மாற்றிக் கேட்க எனக்கு வாய் வருமா?

நோயாளிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நீ கேட்பாய். உன்னை அப்படி வளர்த்தவளும் நான்தான். ஆனால் அந்தோனியார் நான் கேட்டதைத் தந்துவிட்டார், மகள். இனி அவர் முன்னால் போய் நிற்க எனக்கு முகமில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். அந்த டொக்டர் திரும்பும்போது அவரோடு வந்துவிடு.

உன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து,
அம்மா றஞ்சிதம்