உன் கால் ஆடிய மூன்று இடங்கள்

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரி ஒரு கரப்பான்பூச்சியைத் துரத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். அலமாரியில் கைக்குக் கிடைத்த ஸ்ப்ரே டப்பாவை எடுத்து ஆத்திரம் தீர அடித்தாள். பூச்சி தப்பிவிட்டது. அது நின்ற இடத்தில் மட்டும் தரை பளிச்சென்று சுத்தமாகிவிட்டது.

"இன்னா மருந்துங்க இது? தரை வெளுக்குது, பூச்சி போய்கினே கீது!"

அது பூச்சி மருந்து இல்லை. நம் காரின் காற்று சென்சாரைக் கழுவ நீ வாங்கி வைத்த ஸ்ப்ரே. ஒரு நொடி மூக்கில் சுள்ளென்று ஏறி, மறுநொடி இருந்த இடம் தெரியாமல் போகிற அந்த வாசனை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் எடைக்குத் தரையில் உட்காருவதென்றால் முன்கூட்டித் திட்டம் போட வேண்டும், எழுந்திருக்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. எட்டு மாதமாக அந்த டப்பாவை நான் தொடவில்லை மாமு. நீ போன பிறகு காரின் பானெட்டையும் திறக்கவில்லை.

நம் இரண்டு பேருக்கும் அந்த வயதில் காரைப் பிரித்து மேய்கிற வேலை தேவையா என்று ஊரே கேட்டது. நீ துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். இருபது டன் கன்டெய்னரைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவது போல லாரி மேல் இறக்குவாய். நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் காகிதம் தள்ளுகிறவன். ஸ்டேப்ளர் பின் சிக்கினாலே ஆள் தேடுவேன். அப்படிப்பட்ட நான் இன்டர்நெட்டில் நாலு வீடியோ பார்த்துவிட்டு உன்னிடம் வந்து, "மாமு, எஞ்சினுக்குப் பெரிய குழாய் போட்டா வண்டி பறக்குமாம்" என்றேன். நீயாவது தடுத்திருக்கலாம். நீயோ, "எப்போ போடலாம்?" என்றாய்.

புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் ஏதோ ஒரு பெரிய வண்டியிலிருந்து கழற்றிய தடித்த காற்றுக்குழாயை வாங்கி வந்து நம் பழைய காரில் மாட்டினோம். பறக்க வேண்டிய வண்டி இருமியது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே மூன்று முறை அணைந்து, பின்னால் நின்ற ஆட்டோக்காரர்களிடமிருந்து நம் பரம்பரையைப் பற்றிப் பல புதிய தகவல்கள் கிடைத்தன.

அப்புறம்தான் விஷயமே புரிந்தது. காற்று போகிற குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பியைச் சூடாக வைத்திருக்கிறார்கள். காற்று பட்டால் அது குளிரும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து, எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று காரின் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். அதற்கேற்பப் பெட்ரோல் விடும். நாம் மாட்டிய அகலக் குழாயில் காற்று கல்யாண ஊர்வலம் போல நிதானமாகப் போக, கம்பி சரியாகக் குளிராமல், 'காற்றே வரவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"காரு பொய் சொல்லாது மாமு. நாமதான் அதுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்துட்டோம்" என்றாய். சொல்லிவிட்டு, அதை நாமே திருத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய்.

புகைக்குழாயில் இன்னொரு சென்சார் செருகினோம். வெளியே வரும் புகையைப் பார்த்து, உள்ளே போன காற்றைப் பற்றிக் கம்பி சொன்னது எத்தனை சதவீதம் தப்பு என்று அது காட்டிக் கொடுக்கும். அந்தத் தப்பை லேப்டாப்பில் இருக்கும் அட்டவணையில் வரி வரியாகத் திருத்த வேண்டும். கொஞ்சம் காற்றுக்கு ஒரு வரி, அதைவிட அதிகத்துக்கு இன்னொரு வரி, இப்படியே மேலே மேலே. நீ ஓட்டுவாய். பக்கத்து சீட்டில் நான், என் தொப்பை மேல் லேப்டாப். இந்தக் கூட்டுத் தொழிலில் என் தொப்பை மேசையாக இருந்தது ஒன்றுதான் நான் செய்த உருப்படியான வேலை.

கீழ் வரிகள் சுலபமாக முடிந்தன. அதற்குத்தான் ரயில்வே கேட் இருந்ததே. கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்க, நாம் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்போம். ஊரே கேட்மேனைத் திட்டிக்கொண்டிருக்க, நீ மட்டும் கும்பிட்டாய். "இன்னும் ரெண்டு கூட்ஸ் வுடு நைனா, இந்த வரி முடிஞ்சிடும்!"

மேல் வரிகளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகள். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் வரை அந்தக் கடலோரச் சாலை. லாரிகள் ஒரு ஓரமாக வரிசையில் தூங்கும், மறு பக்கம் காலியாக இருக்கும். பெடலை ஒரே இடத்தில் வைத்துப் பத்து வினாடி அசையாமல் பிடிக்க வேண்டும். கால் ஆடினால் காற்று ஆடும், காற்று ஆடினால் அளவு கெடும். உன் கால் ஆடாது. பத்து வினாடி என்றால் உன் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல வரும். "கிரேன்ல ஒரு இஞ்ச் ஆடினா கீழ நிக்கறவன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும் மாமு" என்பாய்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் கால் ஆடியது.

முதல் தடவை, தேரடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஆறாவது வினாடியில் கோடு பள்ளத்தில் விழுந்தது. "இன்னா மாமு?" என்றேன். இடது கையை உதறினாய். "கை மரத்துப் போச்சு. நேத்து ராத்திரி ஒருக்களிச்சிப் படுத்தது."

இரண்டாம் தடவை, லாரிகள் நிற்கிற இடத்தில். "நெஞ்சு கரிக்குது மாமு" என்றாய்.

"நாலு இட்லிக்கு ஒரு அண்டா வடகறி துன்னா கரிக்காம இன்னா பண்ணும்? கிரேன் ஓட்ற காலா இது, தையல் மிஷின் மாரி ஆடுது!" என்றேன்.

நீ சிரித்தாய். நான் அதைவிடப் பெரிதாகச் சிரித்தேன். என் ஜோக்குக்கு முதல் ரசிகன் நான்தான் என்பது உனக்குத் தெரியும்.

மூன்றாவது இடம் எண்ணூருக்குச் சற்று முன்னால். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் பொறு.

ஒன்பதரைக்குக் காரை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனாய். நான் குளித்துச் சாப்பிட்டு, மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, அன்றைய பதிவைச் சுத்தம் செய்தேன். இந்த வேலையில் அது ஒரு விதி. பெடல் எங்கெல்லாம் ஆடியிருக்கிறதோ அந்த வரிகளையெல்லாம் நீக்கிவிட வேண்டும், அவை கணக்குக்கு உதவாத குப்பை. அசலை ஒரு ஓரமாகப் போட்டுவிட்டு, நகலில் உன் கால் ஆடிய இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு. பிறகு உனக்கு வாட்ஸப் அனுப்பினேன்: 'உன் காலால பாதி டேட்டா குப்பை. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு அனுப்பிட்டேன்.'

இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை. மாமு தூங்குகிறான் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் உன் பக்கத்து வீட்டுப் பையன் போன் செய்தான்.

உன்னைக் கிடத்தியிருந்த சாமியானாவுக்குக் கீழே, அத்தனை பேருக்கு நடுவில் உன் மனைவி லதா என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது ஒன்றுதான். "அண்ணா, காலைல உங்க கூடதானே இருந்தாரு. எதுனா சொன்னாரா?"

"நல்லாத்தாம்மா இருந்தான். சிரிச்சிகினே இருந்தான்."

அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆடிய இடங்களை மட்டும் நீக்கிவிட்டேன். பதினாறாம் நாள் கேட்டாள், அதையே சொன்னேன். மூன்றாம் மாதம் கேட்டாள், அதையே சொன்னேன். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் உன் தெருப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். ஊரில் யார் வீட்டு விவகாரத்தையும் அரைப் படி சேர்த்துச் சொல்கிற வாய் இது. தன் விவகாரம் என்றதும் எப்படி மூடிக்கொண்டது பார்.

கரப்பான்பூச்சி தப்பித்த இரண்டாம் நாள், திங்கட்கிழமை, ஆபீஸில் தேநீர் குடித்துக்கொண்டே போனைப் பார்க்கிறேன். உன் பெயருக்குக் கீழே அந்த இரண்டு டிக்கும் நீலமாக இருந்தன.

நீ படித்துவிட்டாய் என்று ஒரு நொடி நம்பினேன் மாமு. ஐம்பத்து மூன்று வயதுக் கழுதை, நம்பினேன்.

அடுத்த நிமிடம் உன் நம்பரிலிருந்து அழைப்பு. லதா. சார்ஜும் ரீசார்ஜும் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்த உன் போனைத் திறக்கும் பேட்டர்ன் கோலத்தை உன் மகள் கண்டுபிடித்துவிட்டாளாம்.

"அண்ணா, அவரு காலுக்கு இன்னா ஆச்சு?"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டின் இரண்டு மாடியும் ஏறினேன். கதவைத் திறந்தவள் உட்காரச் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், முதலில் வந்து நின்றது ஒரு ஜோக். அதை விழுங்கிவிட்டு, அசல் பதிவைத் திறந்து வைத்தேன். வெட்டாத பதிவு. நானும் அதை அன்றைக்குப் பிறகு பார்த்ததில்லை.

"மேல போற கோடு அவன் காலும்மா. கீழ போறது காத்து."

"அவரு காலா?" திரையில் விரலை வைத்தாள். மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். முதல் பள்ளத்தில் விரல் நின்றது. "இங்க இன்னா?"

சொன்னேன். இரண்டாவதில் நின்றது. வடகறியையும் சொன்னேன், நான் சிரித்ததையும் சொன்னேன். மூன்றாவதில் நின்றது.

"இங்க?"

"இங்க... 'திரும்பிடலாமா மாமு'ன்னு கேட்டான். நான், 'இன்னும் ஒரே ஒரு வரி, பத்தே செகண்டு, அதோட முடிஞ்சிது'ன்னேன்."

விரல் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போனது. "அப்பால நேரா கீதே. ஆடவே இல்லியே."

"அது அந்த ஒரு வரிம்மா. எனக்காகப் புடிச்சான்."

கீழே சரக்கு ரயில் ஒன்று போனது. அது முழுக்கப் போய் முடிகிற வரை அவள் விரல் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அன்னிக்கு வந்தவுடனே, தண்ணி லாரி வந்துச்சுண்ணா" என்றாள். "நான்தான் அவரைக் கீழ அனுப்பினேன். கொஞ்ச நேரம் படுக்கிறேன்னாரு. 'காருக்குன்னா காலைலயே ஓடற, வூட்டுக்கு ரெண்டு குடம் தூக்க முடியாதா'ன்னு கேட்டேன். ரெண்டு மாடி தூக்கிகினு வந்தாரு. அதான் ஆளைக் கொண்டு போயிடுச்சின்னு... எட்டு மாசமா அந்தக் குடத்துல நான் தண்ணி புடிக்கலண்ணா."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா உங்கள அடிச்சிருப்பேன். அங்கயே, எல்லார் எதிர்லயும். ஆனா இத்தினி மாசம் என்னையே அடிச்சிகினு இருந்திருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அடிக்க வருவாள் என்று நான் நெடுநேரம் நின்றேன். வரவில்லை. மகள் வந்து, "அம்மா உங்கள அப்பறமா வரச் சொன்னாங்க பெரிப்பா" என்றாள். எப்போது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் பயந்தது என் பெயர் கெட்டுவிடும் என்றுதான் மாமு. உன் சாவில் என் பங்கை மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்கவில்லை, மொத்தத்தையும் தூக்கி உன் மனைவி தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னை அந்தப் பத்து வினாடி ஓட்ட வைத்ததைக்கூட ஒருவேளை நீ மன்னித்துவிடுவாய். இதை மன்னிக்க மாட்டாய். மன்னிக்காதே.

நேற்று ஆபீஸ் வண்டியில் ராயபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஓட்டியவர் புது டிரைவர், என் வயதிருக்கும். பாலம் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தார். என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?"

"நாய் குறுக்க வந்துச்சு சார்."

"நாய் சரி. உங்களுக்கு நெஞ்சு கிஞ்சு ஒண்ணும் பண்ணலியே?"

கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இன்னா சார், நல்லாத்தான் கீறேன்" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. பதிலுக்கு ஒரு ஜோக் அடித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் முன்னால் குனிந்து, இன்னொரு தடவை கேட்டேன்.