மாமன் மடி

சூரமங்கலம்,
12.2.2025

அண்ணாவுக்கு,

போனில் பேசினால் மரியாதை கெட்டுவிடும். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை நிலவனுக்கு இரத்தம் நின்றுவிட்டது. காது குத்திய இடத்தில் மூன்று நாள் கசிந்து, ஃபாக்டர் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. ஹீமோபிலியாவாம். இரத்தத்தை உறைய வைக்கிற சத்து பிறவியிலேயே குறைவாம். அம்மா வழியாக வருமாம். "உங்க அண்ணன் தம்பிக்கு இருக்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார். எங்கள் அண்ணன் கல் மாதிரி இருக்கிறார் என்றேன்.

மறுநாள் நீங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வார்டுக்குள் வந்தீர்கள். "வாங்கண்ணா, முட்டி வீக்கம் வடிஞ்சுதுங்களா?" என்றாள், நிலவனுக்கு ஃபாக்டர் ஊசி போட்ட அதே நர்ஸ்.

போர்வெல் போடுகிற ரிக் லாரியிலிருந்து விழுந்ததாகச் சொன்னீர்களே, அந்த முட்டி!

பிள்ளை தவழும்போது உடம்பெல்லாம் கன்றியதைக் காட்டினேன். உடம்புச் சூடு என்றீர்கள். உங்கள் மடியில் வைத்துத்தானே காது குத்தினார்கள்? எப்படி அண்ணா உட்கார்ந்திருந்தீர்கள்?

மைதிலி

திருச்செங்கோடு,
17.2.2025

அம்மிணி மைதிலிக்கு,

திட்டு, எனக்கு வேண்டியதுதான். பதினாறு வயதில் முட்டிக்குள் இரத்தம் கட்டியபோது தெரிந்த நோய் இது. "வெளிய சொன்னீன்னா உன் தங்கச்சிய யாரு சாமி கட்டுவாங்க?" என்று அம்மா சத்தியம் வாங்கினார். உன் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள் டாக்டர்கள். வராது என்றே நம்பினேன். மடியில் வைக்காமல் எழுந்து போனால், சீர் செய்ய மனசில்லாத மாமன் என்று உன் மாமியார் வீட்டில் பேசுவார்களே என்று பயந்தேன்.

பங்குனியில் என் பெண் தாரணிக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுகிறோம். அத்தை நீ வராமல் எப்படி?

சந்தோஷ்குமார்

சூரமங்கலம்,
22.2.2025

அண்ணா,

ஊர் வாய்க்குப் பயந்து என் பிள்ளையின் காதைக் கொடுத்தீர்கள்.

தாரணியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். நோயுள்ள அப்பாவுக்குப் பிறந்த பெண்கள் எல்லோரும் அதைச் சுமப்பார்களாம். அவள் மகனுக்கு வரலாம். தெரிந்தேதானே நாள் குறித்தீர்கள்? அம்மா எனக்குச் செய்ததை நீங்கள் அவளுக்குச் செய்யாதீர்கள். முன்பே தெரிந்தால் ஊசி இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது. எனக்குத் தெரியவிடவில்லையே!

அவளுக்கு எழுதிய கடிதமும் இந்த உறைக்குள் இருக்கிறது. நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் பூ வைக்கிற அன்று நிலவனைத் தூக்கிக்கொண்டு வந்து சபையில் சொல்வேன்.

மைதிலி

திருச்செங்கோடு,
1.3.2025

மைதிலிக்கு,

நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு இன்று காலையில் கொடுத்தேன்.

"அத்தை எழுதலைன்னா எனக்கும் சொல்லியிருக்க மாட்டீங்கல்லப்பா?" என்றாள். மாப்பிள்ளைக்கு அவளே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பூ வைப்பது நடக்குமோ என்னவோ.

பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறிவிட்டாள். உன் வீட்டுக்குத்தான். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருப்பாள். அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாளாம், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நிலவனுக்குக் காது ஆறிவிட்டதா என்று அவளிடமாவது சொல்லி அனுப்பு.

சந்தோஷ்குமார்