என் ஜனாதிபதிப் பதவியும் போய்விட்டது, அண்ணா

அன்புள்ள என் பெரியண்ணாவுக்கு,

முதலில் செய்தி. உங்கள் ஜனாதிபதி தோற்றுப்போனார். மேற்கு ஆபிரிக்காவின் ஒரு மூலையில் இருக்கிற அந்தச் சின்ன நாட்டின் ஒவ்வொரு தேர்தலையும் ஜேர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சனில் இருந்துகொண்டு விடாமல் பார்த்தீர்களே, இந்தத் தேர்தலைப் பார்க்காமல் கண்ணை மூடிவிட்டீர்கள். இருந்திருந்தால் அன்று முழுக்க என்னைத் தொலைபேசியை வைக்க விட்டிருப்பீர்களா?

பட்டாளத்துக்காரராக வந்து ஆட்சியைப் பிடித்தவர். சீருடையைக் கழற்றிவிட்டுத் தேர்தலில் நின்று வென்றபோது, இவர் வேறு மாதிரியான ஆள் என்று எங்கள் தமிழ்ச் சங்க மலரில் எழுதினீர்கள். வீதி போட்டார், பள்ளிக்கூடம் கட்டினார், இரண்டாம் முறையும் வென்றார். பிறகு, இரண்டு முறைக்கு மேல் நிற்கக்கூடாது என்ற சட்டத்தையே மாற்றிவிட்டு மூன்றாம் முறையும் வந்து உட்கார்ந்தார். உங்களுக்கு வந்த கோபத்தில், சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பிலும் 'தலைவருக்கு இரண்டு தவணைதான்' என்று ஒரு விதியைச் சேர்க்க வைத்தீர்கள்.

நாலாம் முறை சனம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இத்தனைக்கும் கடைசிக் கூட்டம் வரை பாட்டும் ஆட்டமுமாகத் திரண்டு வந்த அதே சனம்தான்.

இனி என் கதை. உங்களுக்குப் பிறகு சங்கத்தின் தலைவி நான்தான். உங்கள் விதிப்படி இந்த வருடத்தோடு என் காலம் முடிந்தது. பொதுக்கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிடலாம் என்று பொருளாளர் சிவா எழுந்தார்.

"அக்கா விட்டா ஆர் செய்யிறது? வேற ஒருத்தராலயும் ஏலாது," என்றார்.

எனக்கும் ஆசைதான், எதற்கு மறைக்க? நகரசபையோடு மல்லுக்கட்டித் தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் எடுத்தது நான்தானே. கையை உயர்த்தச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கை. எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? அக்கா முன்னால் இருக்கும்போது எவர் கையைக் கீழே வைத்திருப்பார்? எத்தனை வருடமாக எல்லாவற்றையும் 'ஏகமனதாக' என்றே எழுதி வந்திருக்கிறோம்.

உங்கள் விதியை ஒழுங்கான முறையில் எடுத்தால் நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னேன். வெல்வேன் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

பெட்டியைத் திறந்தால், முக்கால்வாசிப் பேர் விதி இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

வலித்தது, அண்ணா. சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், ஆனாலும் வலித்தது. அந்த ஜனாதிபதியை நீங்கள் கடைசிவரை பேராசைக்காரர் என்றே எழுதினீர்கள். ஆசை இருந்திருக்கும். ஆனால் தன்னைச் சுற்றி ஆடிய சனத்தை அவர் உண்மையாகவே நம்பியும் இருப்பார். முகத்துக்கு நேரே 'போதும் ஐயா' என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் இருந்ததா? எனக்கு இருந்ததா?

புதிய தலைவி தர்சிகா. இங்கே பிறந்தவள், தமிழ் கொஞ்சம் தடக்கும், நல்ல கெட்டிக்காரி. மண்டபத்தின் திறப்புச் சாவியைக் கொடுத்தபோது, தான் பிழை விட்டால் தனியே கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள்.

"தனிய இல்லைப் பிள்ளை, எல்லாருக்கும் முன்னால சொல்லுவன்," என்றேன்.

சங்கம் நன்றாகவே நடக்கும், அண்ணா, அதைப் பற்றி யோசிக்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போவேன், முன்வரிசையில் இருப்பேன். எனக்குச் சரியென்று படாத ஒன்றுக்கு மண்டபமே கை உயர்த்தினாலும் என் கை மடியில்தான் இருக்கும். எல்லோரும் அதைப் பார்க்கட்டும்.

பதவி இல்லாத,
உங்கள் ஒரே தங்கச்சி
வதனி