நாலாவது மூடி கிழக்கால

மாப்பிள்ளை,

நேற்று வேலந்தாவளத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கி எதையோ ஒட்டினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் மனசால் உன் பாட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாதென்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல மகள் எழுதுகிறாள். எதையாவது அழகாக்கினால், திரும்ப வாசிக்கச் சொல்லிப் பிடித்துவிடுவேன்.

எழுபதுகளின் கடைசி அது. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை உனக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளே கதி. வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு, வடகரப்பதியில் உன் தோட்டத்துச் சாளை வீட்டில் ஈயம் உருக்கி ஒட்டி அந்தப் பெட்டியைச் செய்தாய். பலகைப் பெட்டி, மேல் பலகையில் வரிசையாக எட்டுக் குமிழ். குமிழுக்குப் பதிலாகப் பற்பசை மூடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கோடு. மூடியைத் திருகினால் அந்த இடத்துச் சத்தம் ஏறும், இறங்கும். கரண்டு முதல் மூடியிலிருந்து கடைசி மூடிவரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போய், மறுபடி முதலில் வந்து தொடங்கும். பாடுபவனும் இல்லை, வாசிப்பவனும் இல்லை. பெட்டி தானாகத் தாளமும் பாட்டுமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் அதற்குக் கிணற்றுத் தவளை என்று பேர் வைத்தார்கள்.

சிற்றலை ரேடியோவில் எந்த நாட்டிலிருந்தோ வந்த துள்ளல் பாட்டைக் கேட்டுவிட்டு, அதைப் பெட்டியில் பிடிக்கப் பார்ப்பாய். "அடிக்கிற எடத்துல காலு ஆடும், உடற எடத்துலதான் இடுப்பு ஆடும், மச்சான்" என்பாய். ஆனால் எந்த இடத்தை விடுவதென்று உனக்கும் பிடிபடவில்லை.

பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. மூடிகளைத் திருகிவிட்டால் பழைய பாட்டு போனது போனதுதான். உனக்கும் அதே கதி. அதனால் ஞாபகம் வைக்கிற வேலை என்னுடையது. எந்த மூடியின் கோடு எந்தத் திக்கைப் பார்த்து நின்றது என்று மனதில் ஏற்றிக்கொள்வேன். முதல் மூடி தெக்கால, இரண்டாவது வடக்கால, நாலாவது நேர் கிழக்கால. இடது வலது நமக்கு ஏது? பக்கத்தில் படுத்தவனைக்கூட மேக்கால தள்ளிப் படு என்றுதானே சொல்வோம்.

மாரியம்மன் நோம்பிக்குப் பெட்டியை மேடை ஏற்றினோம். ஊர் ஒரு தடவை அதற்கு ஆடிவிட்டால் போதும் என்பது உன் ஆசை. கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். இது சாமிக்கு முன்னால் போடுகிற சத்தமா என்று கேட்டார். நீ பெட்டியை நிறுத்தவில்லை. அவர் மேடையேறி, இரண்டு கையாலும் எட்டு மூடியையும் கண்டபடி திருகினார்.

"சப்பரம் தெருச் சுத்தி வாரதுக்குள்ள இது திரும்ப ஓடோணும். இல்லாட்டி இந்தத் தவள இனி இந்த ஊர்ல கத்தப்படாது, பாத்துக்குங்க."

நீ என்னைப் பார்த்தாய். நான் உட்கார்ந்தேன். தெக்கால, வடக்கால என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன். நாலாவது மூடி மட்டும் கிழக்கே போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. போகிற மட்டும் திருகி, என் வயிற்றைப் பார்க்க விட்டேன். நீ சுவிட்சைப் போட்டாய்.

வந்தது நம் பாட்டு இல்லை. ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது, இறங்க வேண்டிய இடத்தில் ஏறியது. நாலாவது இடத்தில் சத்தமே இல்லை, காதுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. சாளையில் பெட்டிக்கு முன்னால் நான் கிழக்கே பார்த்து உட்காருவேன். மேடையில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். கோடுகளின் திக்கெல்லாம் சரிதான், பெட்டிதான் என்னோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

என் கை மூடிக்குப் போனது. நீ பிடித்துக்கொண்டாய்.

"அப்படியே உடு மச்சான். இதத்தான் நான் இத்தன நாளாத் தேடுனது."

அதை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் ஜமாப் மேளக்காரர்கள். அந்த ஓட்டையில் அவர்களும் கையை நிறுத்தினார்கள். அடுத்த சுற்றில் தெருமுனையில் சப்பரம் தெரிந்தது. தூக்கி வந்தவர்கள் நாலாவது அடியில் ஒரு நொடி நின்று அசைந்தார்கள், அம்மனும் அசைந்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பொத்தாமலே ஆடினார்கள்.

இது பழைய பாட்டு இல்லையே என்று தலைவர் மறுபடி வந்தார். நீ எழுந்திருக்கக்கூட இல்லை.

"அதே பாட்டுன்னு ஆருங்க சொன்னது? திரும்ப ஓடோணும்னீங்க. ஓடுதுங்களே."

இன்றும் அதைத் தப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். ஏதோ குருட்டாம்போக்கில் வந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். குருட்டாம்போக்கில் வந்தால் என்ன? வந்ததை வேண்டாமென்று தள்ளாமல் இருக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது நீ.

உனக்குத் தெரியாதது இதுதான். உன்னை எடுத்த அன்று மேளக்காரர்கள் வழக்கமான சாவு மேளத்தைத் தொடங்கினார்கள். நாலாவது அடியை விட்டு அடி என்றேன். சாவு வீட்டில் அப்படி அடிக்கிற வழக்கம் இல்லைங்க என்றான் மேளக்காரன். உன் மகன்கூட என் தோளைத் தொட்டு, வேண்டாம் மாமா என்றான். நான் பாடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அடித்தால் நகர்கிறேன், இல்லாவிட்டால் என்னையும் சேர்த்துத் தூக்குங்கள் என்றேன். அடித்தார்கள். சுடுகாடு வரைக்கும் நாலாவது அடியில் நின்று நின்று, அசைந்து அசைந்துதான் போனாய்.

பெட்டி செல்லரித்துப் போய்விட்டது. எட்டு மூடியின் திக்கும் இன்னும் என் விரலில் இருக்கிறது. கோயில் பஜனையில் எல்லாரும் ஒரே சீராகக் கை தட்டும்போது, என் கை மட்டும் நாலாவதில் நின்றுகொள்ளும். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும். தட்ட மாட்டேன்.