நீ கொல்லைப்பக்கம் போயிருந்தபோது

கண்ணு,

அன்றைக்கு குன்னத்து வீட்டில் இருந்தவர்கள் உன் மாமன் சாமிதுரை, அவன் பொண்டாட்டி, உன் தம்பி அறிவரசன், உன் அம்மா முத்தாயி, உன்னைப் பெரம்பலூர் விடுதியிலிருந்து கூட்டி வந்த மேடம், நான். ஒரு முகமும் எனக்கு மறக்காது.

"எச்.ஐ.வி. இருக்கறவங்க எங்க விடுதியில ஒரு வருஷந்தாங்க தங்கலாம். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறா, உடம்பு தேறிடுச்சு. வூட்டுல வச்சுக்கங்க" என்று மேடம் நல்லபடியாகத்தான் கேட்டார்கள்.

"பாக்கலாங்க" என்றான் சாமிதுரை. சந்தையில் மாட்டை விலை பேசுகிறவன் மாதிரி மூஞ்சி. நீ பஸ் ஏறியதும் அவன் பொண்டாட்டி நீ உட்கார்ந்த நாற்காலியில் பினாயிலை ஊற்றிக் கழுவினாள். த்தூ! அவள் பிரசவத்துக்குத் துணி அலசிப் போட்டவள் நீ.

அவர்களாவது பயந்தவர்கள். தொலையட்டும்.

நீ கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோது ஒரு போன் வந்தது. அறிவரசனுக்குப் பார்த்திருக்கும் ஆண்டிமடத்துப் பெண் வீட்டார். "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "எனக்கு இவன் ஒரு புள்ளதாங்க" என்று பதில் போனது. குரல்கூட நடுங்கவில்லை.

இனி உனக்கு போன் போட்டு, கல்யாணம் முடியட்டும், அப்புறம் வாடி என்று அழுவாள். நம்பாதே. வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். என் பேரில் இருக்கும் கூரை வீட்டில் நாம் இரண்டு பேரும் இருப்போம்.

மற்றவர்களை விட்டாலும் விடுவேன். நான் பெற்ற முத்தாயியை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மாயி