அக்கா, உன் பீச் துண்டில் உப்பு கூடிவிட்டது

படத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய என் அக்கா சுமதிக்கு,

உன் இடத்துக்கு வந்த மல்லிகா எழுதுகிறேன். என்னை உனக்குத் தெரியும். கல்யாணத்தன்று தாலி ஏறுவதற்கு முன் உன் படத்தெதிரே என்னை நிறுத்தி, "அக்கா கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கம்மா" என்றார் அத்தை. நான் ஆசீர்வாதம் கேட்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் கேட்டது வேறு. கொஞ்சம் தள்ளி நில்லேன் என்று கேட்டேன்.

நீ தள்ளி நிற்கவில்லை. இரண்டரை வருடமாகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. இல்லாத பெண்மேல் என்ன பொறாமை என்று என் அம்மா கேட்கிறாள். இருக்கிறவள் என்றால் ஒரு நாள் குழம்பில் புளியை அதிகம் ஊற்றுவாள், ஒரு நாள் தோசையைத் தீய்ப்பாள், ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நீ எதுவும் செய்வதில்லை. போனவள் கை பிசகுவதே இல்லை, அக்கா. உனக்கு வயதும் ஏறுவதில்லை. படத்தில் முப்பத்தைந்திலேயே நிற்கிறாய். எனக்கு முப்பத்தெட்டு, காதோரம் நரை வந்துவிட்டது. ஆனாலும் நீதான் அக்கா, நான்தான் இளையவள்.

சமையலறை டப்பா முழுக்க உன் எழுத்து. ஒரு தடவை வேண்டுமென்றே, நீ 'துவரம்பருப்பு' என்று எழுதி ஒட்டிய டப்பாவில் கடலைப்பருப்பைக் கொட்டி வைத்தேன். அத்தை கண்ணாடி போடாமல் எடுத்து வேகவைத்துவிட்டார். அன்றைய சாம்பார் சாம்பாராகவும் இல்லை, கூட்டாகவும் இல்லை. "சுமதி இருந்தா இப்டி ஆவுமா?" என்று அதற்கும் உன் பெயரையே சொன்னார். மறுநாள் துவரம்பருப்பைத் திரும்ப அதே டப்பாவில் போட்டுவிட்டேன்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரிய பொறாமை யாமினி.

உன் மகள் எட்டாவது படிக்கிறாள். உன் மூக்கு. நன்றாகப் படிக்கிறாள், சொன்னதைக் கேட்கிறாள். நான் எதைத் தட்டில் வைத்தாலும் சாப்பிட்டு முடித்து, "நல்லாருக்குங்க சித்தி" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். உப்பே போடாமல் ஒரு நாள் ரசம் வைத்துவிட்டேன், மறதியில். அதையும் குடித்துவிட்டு நல்லாருக்குங்க என்றாள். விருந்துக்கு வந்த பிள்ளைகூட ஊறுகாய் கேட்கும். இவள் அதுவும் கேட்கவில்லை.

உன்னோடு எப்படி இருந்தாள் என்று அவர்தான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "அய்ய, தெனம் சண்ட! இட்லி கல்லு மாதிரி கீதுன்னு தட்டயே தூக்கி எறிவா. இவ அடிப்பா, அவ கத்துவா. தெருவே கேக்கும்." அவர் சிரித்தார். என் வயிறு எரிந்தது. உன் நகை, உன் பீரோ, உன் பெயர் எதுவும் எனக்கு வேண்டாம். அந்தச் சண்டை வேண்டும். அதை நீ கையோடு கொண்டுபோய்விட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

இனி இந்த ஆடி மாதச் செய்தி. ஆவணியில் கொழுந்தனுக்குக் கல்யாணம். நீ போன பிறகு வீட்டில் நடக்கும் பெரிய சுபகாரியம் இது. எங்கள் கல்யாணத்தைக் காதும் காதும் வைத்தமாதிரி முடித்துவிட்டார்களே. அதனால் முதலில் உனக்குப் பூவாடைக்காரி படையல் போட வேண்டும் என்றார் அத்தை. பூவோடும் பொட்டோடும் போனவள் இந்த வீட்டுக்குத் தெய்வம். கலசத்துக்குப் புதுப் புடவை சுற்றி, பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, "வந்து துன்னுட்டு, கூட நின்னு நடத்திக் குடு தாயே" என்று கும்பிட்ட பிறகுதான் பத்திரிகையே கொடுக்கலாம். உனக்கு எடுத்த புடவை மாம்பழ மஞ்சள். எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்ததைவிட நல்ல புடவை. அதையும் கவனித்தேன்.

"அம்மாவுக்கு இன்னாம்மா புடிக்கும், சொல்லு" என்று யாமினியைக் கேட்டார் அத்தை. வடை, பாயசம் என்பாள் என்று நான் மனதுக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"பீச் துண்டு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். அரக்கோணம் ரயில்வேயில் அவரோடு வேலை செய்கிற ஹிமாச்சல்காரர், லீவில் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு பெட்டி பீச் பழம் கொண்டுவருவார். நீ கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டு, மாவு, பழம், மாவு என்று மூன்று அடுக்காக ஓவனில் சுட்டுத் துண்டு போடுவாய். நீ போன பிறகு வந்த பெட்டிகளை அவர் வேலையிடத்திலேயே பங்கு போட்டுவிட்டு வந்திருக்கிறார். திருத்தணி முழுக்கத் தேடினாலும் கிடைக்காத பழம், என் கண்ணில் படாமலே வந்து போயிருக்கிறது. இதற்கும் எனக்குக் கோபம்தான்.

இந்த வருடம் ஹிமாச்சல்காரரின் லீவு தள்ளிப்போய், ஆடி பிறந்த பிறகுதான் பெட்டி வந்தது. இந்தி செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றியிருந்த பழங்கள். தோலில் பூனைமுடி மாதிரி ரோமம், ஒரு கன்னம் மட்டும் சிவப்பு. "பாபிக்குன்னு சொல்லிக் குடுத்தாரு" என்றார் இவர். பாபி என்றால் இந்தியில் அண்ணியாம். எந்த அண்ணிக்கு, உனக்கா, எனக்கா?

யாமினி தன் புத்தக அலமாரியிலிருந்து உன் நோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். இரண்டரை வருடமாக இதே வீட்டில் இருந்த நோட்டு, அன்றுதான் என் கைக்கு வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்தேன். வெண்ணெய் இருநூறு கிராம், குளிர்ந்தது. மைதா இரண்டு கப், ஓட்ஸ் ஒரு கப், நாட்டுச் சர்க்கரை, உப்பு ஒரு டீஸ்பூன். விரல் நுனியால் மணல் மாதிரி உதிர்க்கணும், பிசையக் கூடாது. பாதிக்கு மேல் தட்டில் அழுத்தணும், மேலே பழம், மீதியைத் தூவணும். கடைசி இரண்டு வரியை மட்டும் அப்படியே எழுதுகிறேன், உன் கையெழுத்து உனக்கு மறந்திருந்தால்:

"பழத்தைக் கடிச்சுப் பார். புளிச்சா பழத்துக்கு முக்கால் கப் வெள்ளைச் சர்க்கரை, இனிச்சா அரை கப்.

ஆறுறவரைக்கும் கத்தி வைக்காதே. யாமினி கையை விடுவா, ஒரு தட்டு தட்டு."

சமையல் குறிப்பில் யாராவது மகளை எழுதுவார்களா? அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, நோட்டை மூடிவைத்துவிட்டுப் போய்த் துணி துவைத்தேன்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. "சுமதி பாலேட்ட சேத்து வெச்சி, அவளே கடைஞ்சி வெண்ண எடுப்பா" என்றார் அத்தை. உன்னை மாதிரி நான் ஏன் கடைய வேண்டும்? உன்னைவிட உசத்தியாகச் செய்கிறேன் பார் என்று, பெரிய கடையில் விலை கூடிய பாக்கெட் வெண்ணெய் வாங்கி வந்தேன். ரொட்டியில் தடவுகிற மஞ்சள் வெண்ணெய். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. நீ எழுதிய ஒரு டீஸ்பூன், நீயே கடைந்த பச்சை வெண்ணெய்க்கு. அது என் புத்திக்கு எட்டவில்லை, எழுதியிருந்ததைக் குமித்து அளந்து போட்டேன்.

அடுத்தது பழம். நீ கடித்துப் பார் என்கிறாய். நான் ஒன்றைக் கழுவி வாயருகே கொண்டுபோனதும், அத்தை பதறிவிட்டார். "ஐயய்ய, படையலுக்கு வெச்ச பழத்த எச்சி பண்ணுவியா? நாக்குல படக் கூடாதும்மா. மோந்துகூட பாக்கக் கூடாது." முறை அப்படி. உனக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. உன் குறிப்பு கடி என்கிறது, உன் படையல் கடிக்காதே என்கிறது. நடுவில் நான் என்ன செய்வேன், சொல்? அவ்வளவு தூரம் ரயிலேறி வந்த பழம் புளிக்கவா போகிறது என்று அரை கப் போட்டேன்.

ஆனால் சுட்டு எடுத்தபோது தட்டைப் பார்த்திருக்க வேண்டும், அக்கா. ஓரமெல்லாம் பொன்னிறம், நடுவில் பழச்சாறு கொதித்துப் பாகாகி மேலே எட்டிப் பார்த்தது. வாசனையைத் தடுக்க அத்தையாலும் முடியவில்லை. அன்று மட்டும் நான் உன்னை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆடி வெள்ளி. கிருத்திகை நெருங்கியதால் தெருவில் பூக்காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே பதினைந்து பேர், பொதட்டூர்பேட்டையிலிருந்து என் அம்மாகூட வந்திருந்தாள். கலசத்துக்கு முன் இலை போட்டு, நடுவில் என் துண்டுகளை அடுக்கி, கற்பூரம் காட்டினோம். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம், நீ சாப்பிடுவதற்காக. நான் மட்டும் கதவில் காதை வைக்காத குறை. நீ என்ன சொன்னாய், அக்கா? ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தாயா?

முதல் துண்டை யாமினிக்குக் கொடுத்தார் அத்தை. கடித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாருக்குங்க சித்தி வரும் என்று காத்திருந்தேன்.

துப்பினாள். பதினைந்து பேர் நடுவில், உள்ளங்கையில் துப்பினாள்.

"ச்சீ! இன்னா சித்தி இது, உப்பா கரிக்குது! புளிப்பு வேற! அம்மாவுக்கு இதயா வெச்ச? ஒரு ஸ்வீட்டுகூட ஒழுங்கா செய்யத் தெரியாதா உனக்கு?"

"ஏய், படையல துப்பக் கூடாதுடி" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஒரு துண்டை எடுத்து மென்று, விழுங்க முடியாமல் தண்ணீர் தேடினார். யாமினி நிறுத்தவில்லை. "நைனாதான் பாவம், தெனம் வாய மூடிகினு துன்னுகினு கீறாரு! அன்னிக்கு ரசத்துல உப்பே இல்ல, தெரிமா?" அப்புறம் அழ ஆரம்பித்தாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை என்று அத்தை பிறகு சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கும் வாய் திறந்துவிட்டது. "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி? வாயில கொழுக்கட்டையா வெச்சினு இருந்த?" என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தினாள். நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். காவடி பார்க்க நின்ற தெரு, எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தது. இவர் மட்டும் கையில் சொம்போடு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத முகத்தோடு சுவரில் சாய்ந்து நின்றார்.

பெட்டியில் எட்டுப் பழம் மீதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாமினி தானாகவே சமையலறைக்கு வந்தாள். பக்கத்து வீட்டு எருமைப் பால் ஏட்டில் நான் வெண்ணெய் கடைந்து வைத்திருந்தேன். ஆமாம், கடைந்தேன். உனக்குச் சந்தோஷம்தானே? அவள் ஒரு பழத்தைக் கடித்து முகத்தைச் சுளித்து, "முக்கால் கப்" என்றாள். தட்டை வெளியே எடுத்து மேடையில் ஆற வைத்துவிட்டு ஓவனை அணைக்கத் திரும்பினேன். அந்த நேரத்தில் ஓரத்தைப் பிய்க்க அவள் கை நீண்டது. நான் யோசிக்கவில்லை. உன் நோட்டு ஞாபகமும் அப்போது இல்லை. என் கை போய்ப் பளாரென்று ஒரு தட்டு தட்டியது.

"ஆ! வலிக்குது சித்தி!"

"ஆறட்டும்டி."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நோட்டை எடுத்து உன் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன்.

பொறாமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தட்டை நீ நூறு தடவை தட்டியிருப்பாய், எனக்கு இப்போதுதான் ஒன்று. நீ படத்திலிருந்து தள்ளி நிற்கவும் வேண்டாம். உனக்குப் படைத்த மாம்பழ மஞ்சள் புடவை முறைப்படி எனக்குத்தான் வந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எனக்கு நன்றாகவே இருக்கிறது, வயிறு எரியட்டும் உனக்கும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த ஆடியிலும் உன் இலையில் பீச் துண்டு இருக்கும். முறை முறைதான், உனக்கு வைப்பதில் யார் நாக்கும் படாது. ஆனால் முதல் நாளே வேறொரு தட்டு சுட்டு, அதை உன் மகள் கடித்து, என்னைத் திட்டி முடித்த பிறகுதான் உன்னுடையதற்கு மாவு அளப்பேன். உன் நோட்டில் வெண்ணெய் என்ற இடத்துக்குப் பக்கத்தில் 'கடைஞ்சது' என்று எழுதியிருக்கிறாள் யாமினி. கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டோம். அதில் மாற்ற ஒன்றும் இல்லை.

உன் மகளிடம் தினம் திட்டு வாங்குகிற,
உன் தங்கச்சி மல்லிகா